கோலத்துக்கு மாவு

5 மே 2025, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தொட்டியில் சாய்த்து வைத்திருந்த கூரை ஓட்டைத் தூக்கிப் பார்த்தேன். முட்டை போட்டிருக்கிறது. உள்பக்கம் முழுக்க ரவையை ஒட்டிவைத்த மாதிரி. கெதுத்து மீன் நாள் முழுக்க மரக்கட்டை போலக் கிடக்கும். அதைவிடச் சோம்பேறி மீன் உலகத்தில் கிடையாது. முட்டை வந்ததும் ஆண் மீன் வாலால் விசிறிக்கொண்டே காவல் நிற்கிறது. பொறுப்பு வந்துவிட்டதாம்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை குஞ்சுகள் ஆறு நாள் இருந்தன. இரண்டாவது தடவை ஐந்து நாள். இந்தத் தடவையும் செத்தால் நான் ஷா ஆலம் போய்க் கிடங்கு வேலையில் சேர்கிறேன் என்று மனைவி சரளாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஜூலை பதினாலாம் தேதி புதுக் கிடங்கு திறக்கிறார்கள். அவள் சித்தப்பா மகன் வீட்டு மாடியில் படுக்கை. மாதத்துக்கு ஒரு தடவை வீடு. கையுறை ஃபேக்டரி மூடிய பிறகு இரண்டு வருடமாக நான் மீனோடு மல்லுக்கட்டுவதை அவள் பொறுத்துக்கொண்டதே பெரிது.

ஐம்பத்து மூன்று வயதில் மாடிப் படுக்கையா? டேய் பத்துமலை, இந்தத் தடவை ஒழுங்காகச் செய்.

8 மே, வியாழன்

பொரித்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு. வெள்ளை நூலை நறுக்கிப் போட்ட மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் குஞ்சுகளுக்கென்று சிமெண்டுத் தொட்டி நாலு. கோலம் ஒன்று, கோலம் இரண்டு, மூன்று, நாலு. (குளம் என்று இங்கே யார் சொல்கிறார்கள்? மலாய்க்காரரும் கோலம் என்கிறார், சீனரும் கோலம் என்கிறார், நாமும் அப்படியே பழகிவிட்டோம்.) மூன்று கோலங்களைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, குழாய்த் தண்ணீர் பிடித்து, குளோரின் போக இரண்டு நாள் விட்டேன். அடியில் ஊசி போட்டால் தெரியும். நாலாவதற்குப் பிடிக்கும்போது தண்ணீர் வெட்டு. வேறு வழியில்லாமல் பின்னால் இருக்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து பம்ப் போட்டு ரொப்பினேன். பச்சைத் தண்ணீர், என்னென்னவோ மிதக்கிறது. எனக்குப் பிடிக்கவேயில்லை. அதில் கடைசியாக மிஞ்சிய குஞ்சுகளை விட்டேன்.

9 மே, வெள்ளி

மகள் தர்ஷனா பினாங்கில் வீடு மாறுகிறாள். பால் காய்ச்சப் போக வேண்டும். இரண்டு ராத்திரி. இந்த நேரத்திலா? சரளாவிடம் சொல்லிப் பார்த்தேன். “மீனுக்குப் பால் காய்ச்சிட்டு அப்புறம் மகளுக்குக் காய்ச்சலாமா?” என்றாள். பையைக் கட்டினேன்.

காவலுக்குச் சரளாவின் அண்ணன் சன்னாசி மச்சான் தெலுக் இந்தானிலிருந்து வந்திருக்கிறார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சொன்னதைச் செய்வார், சொல்லாததையும் செய்வார். காலையிலிருந்து நாலு தடவை பாடம் நடத்தினேன். கோலத்துக்குக் காற்றுக் குழாய் நிற்கக்கூடாது, கோலத்துக்கு முட்டை மஞ்சள் கரைத்து மூன்று வேளை, கோலத்துக்கு நிழல் துணி.

“தெரியும்லா மாப்ள. நீங்க பஸ்ஸப் புடிங்க” என்றார்.

11 மே, ஞாயிறு, மாலை

வீட்டுக்குள் நுழையும்போதே புளித்த வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் நாலாவது கோலம் பால் மாதிரி வெள்ளை. என்ன மச்சான் இது என்று கேட்டேன். மாவு போட்டேன் என்கிறார். எந்த மாவு? “தங்கச்சி போன்ல சொல்லுச்சே, கோலத்துக்கு மாவு போட்டுருங்கண்ணேன்னு. அடுப்படியில நீல டப்பான்னு சொல்லுச்சு. முழு டப்பாவும் போட்டேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து சரளா பேசியது எனக்கும் காதில் விழுந்ததுதான். மறுநாள் காலையில் வாசலில் கோலம் போடச் சொன்னாள். வாசலில்! மனுஷன் கொண்டுபோய்க் குஞ்சுத் தொட்டியில் கொட்டியிருக்கிறார்.

என்னென்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. லாரி ஓட்டுனவனுக்கு மீனு என்ன தெரியும்னு கேட்டேன். என் பொழப்புல மண்ணப் போட வந்தியான்னு கேட்டேன். “வந்தியா” என்றேன், அவரைப் பார்த்து. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.

அவர் பையை எடுத்தார், கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

12 மே, திங்கள்

சரளா தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் தெரிகிறது. ஒருதடவைதான் வாய் திறந்தாள். “ஆம்பள, அவருக்கு எங்க வாசல்ல கோலம் போட்டுப் பழக்கம்? காலையிலேருந்து கோலத்துக்குக் காத்து, கோலத்துக்கு முட்டைன்னு அவரு காதுல ஓதினது யாரு?”

நான் ஓதியதுதான். ஆனாலும் மாவைக் கொட்டுவதா?

13 மே, செவ்வாய்

ஒன்றிலும் இரண்டிலும் குஞ்சு சாகத் தொடங்கிவிட்டது. சுத்தமான தண்ணீர், வடிகட்டிய முட்டை மஞ்சள், வேளை தவறாத சாப்பாடு. இதற்கு மேல் ஒரு அப்பன் என்ன செய்ய முடியும்?

நாலாவதன் அடைப்பைப் பிடுங்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. நாறிக் கிடக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

15 மே, வியாழன்

மூன்று கோலமும் காலி. ஏழு நாள்.

ஷா ஆலமுக்குப் போன் செய்து ஜூலை பதினாலு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சரளா பக்கத்தில் நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

16 மே, வெள்ளி

நாலாவதைக் கழுவிக் கவிழ்க்கப் போனேன். வாடை போயிருந்தது. தண்ணீர் வெளுத்த தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருக்கிறது. வெயில் சரிந்து விழுந்த இடத்தில் பார்த்தால் கடுகில் கால்வாசிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள். மிதக்கவில்லை. துள்ளுகின்றன. ஒரு துள்ளல், நிற்கும், மறுபடி ஒரு துள்ளல். ஆயிரமா, லட்சமா, தெரியவில்லை.

நடுவில் நூல் துண்டுகள் நகர்கின்றன. என் குஞ்சுகள். எட்டாம் நாள். வயிறு உப்பியிருக்கிறது.

அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். “இப்படியே தண்ணியப் பாத்துக்கிட்டிருந்தா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கட்டில் போட்டுருவாங்க” என்றாள் சரளா. நாலு நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

17 மே, சனி

புஷ்பலதா எங்கள் வரிசையில் நாலாவது வீடு. பத்து காஜாவில் ஒரு இடைநிலைப் பள்ளியில் சோதனைக்கூட உதவியாளர். ஜாம் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். பேரிக்காய் மாதிரி உடம்பு. நெற்றியில் ஒரே ஒரு சிவப்புக் கண். முன்னால் இரண்டு நீள மீசை. சிலதுக்கு வாலுக்கு இரண்டு பக்கமும் முட்டைப் பை, சந்தைக்குப் போய் இரண்டு கையிலும் பை தூக்கி வருகிற பொம்பளை மாதிரி.

“துடுப்புக்காலிண்ணே” என்றாள். “காலால துடுப்புப் போடுதில்லையா, அதான் அந்தப் பேரு. மலாய்க்காரங்க தண்ணிப் பேனும்பாங்க.”

“பேனா? கெட்டதா?”

“இது இல்லாட்டி ஆத்துலயும் மீனில்ல, கடல்லயும் மீனில்ல. நேத்து நீங்க சாப்பிட்ட கெம்போங் மீனுகூடக் குஞ்சா இருந்தப்ப இதத் தின்னுதான் வளந்துச்சு.”

அவள் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். மாவு அழுகினால் அதில் கிருமி பெருகும். கிருமியையும் தண்ணீரின் பச்சைப் பாசியையும் இந்தத் துடுப்புக்காலியின் பிள்ளைகள் தின்னும். அந்தப் பிள்ளைகள்தான் என் குஞ்சின் வாய்க்குச் சரியான அளவு. முட்டை மஞ்சள் அசையாது. அசையாததைக் கெதுத்துக் குஞ்சு சாப்பாடு என்றே நினைக்காதாம். பாசிக்கும் மீனுக்கும் நடுவில் நின்று கைமாற்றிக் கொடுப்பது இந்த ஒற்றைக்கண்ணன் வேலை.

“நீங்க அந்த மூணு தொட்டியையும் தேய்ச்சு வச்சீங்களே, அது சாப்பாட்டுக் கடையக் கழுவிப் பூட்டிட்டு விருந்தாளியக் கூப்பிட்ட கதைண்ணே” என்றாள். இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். பெரிய துடுப்புக்காலி சில ஜாதி, சின்னக் குஞ்சைக் கடிக்கும்.

18 மே, ஞாயிறு

கடிக்கிறது. கண்ணால் பார்த்தேன். நோஞ்சான் குஞ்சு ஒன்றின் வாலில் மூன்று தொங்கின. சாப்பாடே ஆளைச் சாப்பிட்டால் எங்கே போய்ச் சொல்வது?

சல்லடைத் துணி வேண்டும். வலையில் எல்லாம் போய்விடுகிறது, துண்டில் ஒன்றும் போகவில்லை. கடைசியில் என் கல்யாண வேட்டி சரியாக இருந்தது. பெரியவை துணியில் தங்குகின்றன, பிள்ளைகள் கீழே இறங்கிவிடுகின்றன. தங்கியதை மூன்றாவது கோலத்தில் கொட்டினேன், அங்கே தனியாகப் பெருகட்டும். வேட்டியை நான் கிழித்தபோது சரளா வாசலில் நின்று பார்த்தாள். “நல்லவேளை, என் கூறைச் சேலைக்கு ஜரிகை ஜாஸ்தி” என்றாள்.

21 மே, புதன்

புள்ளிகள் குறைகின்றன. குஞ்சுகள் தின்று தீர்க்கின்றன, மூன்றாவது கோலத்தில் பெருகக் காணோம். மறுபடி மாவு போட வேண்டும்.

சரளாவிடம் கேட்டேன், அந்த நீல டப்பா மாவு என்ன மாவு. “போட்டவருகிட்ட கேளுங்க” என்றாள். அவ்வளவுதான். எனக்கென்ன, கோலமாவு தெரியாதா? ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போய் மூன்று பாக்கெட் வாங்கி வந்து கொட்டினேன்.

23 மே, வெள்ளி

ஒன்றுமில்லை. வாடைகூட இல்லை. அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. இரண்டு மணிக்கொரு தடவை ஈயக் குட்டையில் இறங்கி வேட்டியால் வடித்துக் கொண்டுவந்து ஊட்டுகிறேன். போதவில்லை. குஞ்சுகளின் வயிறு ஒட்டியிருக்கிறது. மூலையில் இறந்தவை.

24 மே, சனி

புஷ்பலதா வந்தாள். மிச்சப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து சுக்கா (வினிகர்தான், சரளா ஊறுகாய்க்கு வைத்தது) கொஞ்சம் எடுத்து ஊற்றினாள். மாவு நுரைத்துப் பொங்கியது.

“அண்ணே, இது மாவே இல்ல. சுண்ணாம்புக்கல்லு. நம்ம ஈப்போ மலைய அரைச்சு நமக்கே பாக்கெட் போட்டு வித்திருக்கான்.”

சரளா சிரித்தாள் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். “குஞ்சு எத்தன நாளு தாங்கும்?”

இரண்டு நாள் என்றேன்.

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாங்க. ரெண்டு வாரமா அண்ணன் எனக்குப் போன்கூடப் போடல. வண்டிய எடுங்க. தெலுக் இந்தானுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.”

அதே நாள், மாலை

மச்சான் வீட்டு வாசலில் செம்பனைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. “மச்சான், நீங்க போட்ட மாவுல குஞ்சு பிழைச்சிருக்கு” என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். “நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஐம்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை.

“பிழைச்சிருச்சா? நெசமாவா? நான் கொன்னுட்டேன்னு நினைச்சு ரெண்டு வாரமா சோறு எறங்கல மாப்ள.”

கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

அது பச்சரிசி மாவு. சரளா வீட்டில் அரைப்பது. கோலம் என்றால் எறும்பு தின்ன வேண்டும், கல்லை எந்த எறும்பு தின்னும் என்பாளாம். இருபத்தெட்டு வருடம் கூடக் குடித்தனம் செய்கிறேன், எனக்குத் தெரியாது. இன்னொன்று மச்சானைத் தவிர யாருக்கும் தெரியாது. “வெறும் மாவு மிதக்கும்லா. பழைய சோத்துத் தண்ணியில கரைச்சு, ராத்திரி மூடி வச்சு, காலையில ஊத்தினேன். பாத்தேன், பொங்கி இருந்துச்சு. சரி, மீனுக்கு ஆப்பம் போலன்னு ஊத்திட்டேன்.”

மீனுக்கு ஆப்பம். அந்தச் சிரிப்போடு அவரை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டேன். மூன்றாவது கோலத்தைச் சுண்ணாம்பு போக அலசி, ஈயக் குட்டைத் தண்ணீர் ரொப்பியாகிவிட்டது. சரளா மாவு அரைக்கிறாள். மச்சான் கரைக்கிறார்.

25 மே, ஞாயிறு

ஊற்றியாகிவிட்டது. நாறுகிறது. என்ன ஒரு நல்ல நாற்றம்.

28 மே, புதன்

துள்ளுகிறது. பாதிக் குஞ்சுகள் போய்விட்டன. மிச்சப் பாதிக்கு வயிறு நிறைந்திருக்கிறது. இனிமேல் ஒரு கோலம் மீனுக்கு, ஒரு கோலம் மீன் தின்பதற்கு. மச்சான் வீட்டுக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

6 ஜூன், வெள்ளி

குஞ்சுகள் நீந்துவதை விட்டுவிட்டு அடியில் படுக்கத் தொடங்கின. பயந்துபோய்ப் புஷ்பலதாவைக் கூப்பிட்டேன். “கெதுத்து படுக்காம வேற என்னண்ணே செய்யும்?” என்றாள். அதுவும் சரிதான். சோம்பேறித்தனம் வந்துவிட்டது, அப்படியென்றால் பிழைத்துக்கொண்டன.

12 ஜூன், வியாழன்

டெங்கிக்காகச் சுகாதார அதிகாரிகள் இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். மூன்றாவது கோலத்தைப் பார்த்ததும் ஒருவர் கொசுமருந்துப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். முதலில் கொசுப்புழு இருக்கிறதா பாருங்கள் என்று கெஞ்சினேன். கரண்டியால் பத்து இடத்தில் மொண்டு பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் மச்சான் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போட்ட டின்னில் மட்டும் நெளிந்தது. அதிலிருந்து ஒரு பொடிப்புழுவை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் துடுப்புக்காலியோடு விட்டுக் காட்டினேன். ஒற்றைக்கண்ணன் பாய்ந்து பிடித்தான். இரண்டு பேரும் குனிந்து கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பொட்டலம் பைக்குள் போனது. டின்னுக்கு மட்டும் மச்சானுக்கு நல்ல திட்டு விழுந்தது.

5 ஜூலை, சனி

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து மீன் பண்ணைத் தவுக்கே, சீன முதலாளி, வந்தார். குஞ்சுகள் இப்போது விரல் கணு நீளம். முன்பு கடித்த பெரிய துடுப்புக்காலிகளையே விழுங்குகின்றன. தவுக்கே நாலு கோலத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு, அடுத்த முட்டை எப்போது என்று கேட்டார்.

அடுத்த முட்டை முந்தாநாளே வந்துவிட்டது. ஆனால் ஷா ஆலமுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. ராத்திரி சாப்பிடும்போது சரளா என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். “பாப்போம்லா” என்றாள். ஒரு தடவை பிழைத்தது பிழைப்பாகுமா என்று அவள் நினைத்தால் அதிலும் நியாயம் உண்டு.

13 ஜூலை, ஞாயிறு

ஐந்து மணிக்கு ஷா ஆலம் பஸ். பை தயார். மச்சானுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று. உண்மையில் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். கோலங்களைச் சுற்றி நாலு தடவை நடந்தேன். போக மனமில்லை என்று சரளாவிடம் சொல்ல நினைத்தேன். சத்தியம் செய்தவன் எப்படிச் சொல்வது?

நாலு மணிக்கு அவள் பணப்பையை நீட்டினாள். “பச்சரிசி தீந்துருச்சு. நாளைக்கு அரைக்கணும். பத்து காஜா வரைக்கும் போயி வாங்கிட்டு வந்துருங்க.”

பஸ்ஸை நினைவுபடுத்தப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது மணி ஐந்தேகால். பை அலமாரிக்குள் போயிருந்தது.

மறந்து அனுப்பினாளா, தெரிந்து அனுப்பினாளா?

14 ஜூலை, திங்கள்

ஒன்பதரைக்கு ஷா ஆலமிலிருந்து போன். நான் மூன்றாவது கோலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு கையிலும் துணி. சரளா எடுத்தாள். ஏன் இன்னும் ஆள் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு நல்ல மலாயில், நிதானமாகச் சொன்னாள். அவரால் வர முடியாது. பிள்ளைகள் ரொம்பச் சின்னப் பிள்ளைகள். அப்பா ஊட்டினால்தான் சாப்பிடும்.

தர்ஷனாவுக்கு இருபத்தாறு வயது.

எத்தனை பிள்ளைகள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “பெலும் கிரா லாகி” என்றாள். இன்னும் எண்ணவில்லை.

போனை வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

“துணிய இப்படிக் குடுங்க. பத்து மணி சாப்பாடு லேட்டாகுது.”